சந்தேக நோட்டை ஒப்படைத்த பத்தொன்பது நாட்கள்

1. மெயில் வந்த காலை

மெயில் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது பத்துக்கு. அப்போது எங்கள் அலுவலகத்தில் நாற்பத்தாறு பேர் வேலை பார்த்தார்கள். முப்பத்தொரு பெண்கள், பதினைந்து ஆண்கள். ராஜபாளையத்தில் இருந்து இருபத்திரண்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து பதினான்கு, வன்னியம்பட்டி போன்ற ஊர்களில் இருந்து பத்து. இந்தக் கணக்கில் நானும் மேனேஜரும் சேரவில்லை.

நான் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்தொரு வருடம் இருந்துவிட்டு, ரிட்டயர் ஆனபின் இந்த அலுவலகத்தில் பிழை பார்க்கும் க்யூ.சி. பிரிவுக்குப் பொறுப்பாளராக வந்தவன். இப்போது எழுபது வயது. டேட்டா என்ட்ரி, பி.பி.ஓ. என்று கிளம்பும் பிள்ளைகளுக்குப் பயன்படும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வேலை இதுதான். அமெரிக்காவில் ஒரு மாநிலத்தில், வசதியில்லாத நோயாளிகளுக்கு அரசாங்கம் மருந்து, சிகிச்சை, ஆஸ்பத்திரி போய்வர வண்டி எல்லாம் கொடுக்கிறது. அதற்கு அவர்கள் கையால் எழுதிக்கொடுக்கும் படிவங்கள் ஸ்கேன் ஆகி எங்களிடம் வரும். ஒரே படிவத்தை இருவர் தனித்தனியாக டைப் செய்வார்கள். இரண்டும் ஒத்துப்போனால் போகும். ஒத்துப்போகாவிட்டால் என் மேசைக்கு வரும். பத்தாயிரம் கட்டங்களுக்கு மூன்று பிழை என்பது எங்கள் கணக்கு. முதல் மாதம் நீங்கலாக, ஏழு வருடத்தில் ஒரு மாதம்கூட அது ஐந்தைத் தாண்டியதில்லை.

அன்று காலை நான் யு.பி.எஸ். பேட்டரிகள் பதினாறையும் பார்த்து முடித்திருந்தேன். மேனேஜர் ஜெயராஜ் கண்ணாடி அறைக் கதவைத் திறந்து கூப்பிட்டார். அவர் விருதுநகர்க்காரர், என்னைவிடப் பத்தொன்பது வயது இளையவர்.

"அண்ணாச்சி, கதவைச் சாத்திட்டு வாங்க."

"ஏன் தம்பி, ஏ.சி. ட்ரிப் ஆயிருச்சா?"

"ஏ.சி. நல்லா ஓடுது. நம்ம சோலிதான் ட்ரிப் ஆயிருச்சு."

எங்களுக்கு வேலை அனுப்பும் அமெரிக்கக் கம்பெனியின் மெயிலை இரண்டு தடவை படித்தேன். அந்த மாநிலத்தில் ஒரு சட்டம் வந்துவிட்டது. அரசுப் பணத்தில் நடக்கும் எந்த வேலையையும் நாட்டுக்கு வெளியே செய்யக்கூடாது. உள்ளூரில் வேலையில்லாதவர்கள் பெருகிவிட்டார்கள் என்பது காரணம். எங்களுக்குத் தொண்ணூறு நாள் அவகாசம். அதில் கடைசி அறுபது நாள், அங்கே புதிதாக எடுக்கும் பன்னிரண்டு பேருக்கு நாங்களே வீடியோவில் ட்ரெயினிங் கொடுக்க வேண்டும்.

பதினொரு மணிக்கு எல்லோரையும் கூட்டி ஜெயராஜ் சொன்னார். முதலில் வாயைத் திறந்தவன் இசக்கி. வேகமாக டைப் செய்பவர்களில் அவன் முதல் ஆள், பேச்சிலும் அப்படித்தான்.

"அங்க வேல இல்லாதவன் தொகையக் கொறைக்கணும்னு, இங்க வேலயில இருக்கவனை அந்தத் தொகையில சேக்குறாகளாக்கும். நல்ல கணக்குய்யா."

"செத்த நேரம் வாய மூடுலே" என்றார் மும்தாஜ். "கையில இருக்க படிவ பேட்ச்ச மொதல்ல முடி. மதியத்துக்குள்ள போகணும்."

மும்தாஜ் டீம் லீடர். ஸ்ரீவில்லிபுத்தூர், பி.காம்., வயது முப்பத்திநான்கு. கணவர் சவூதியில் முதுகில் அடிபட்டுத் திரும்பி, கடினமான வேலை எதுவும் பார்க்க முடியாமல் வீட்டில் இருந்தார். இரண்டு பெண் குழந்தைகள் பள்ளியில். அந்த வீட்டில் சம்பளம் என்று வந்தது இவருடையது ஒன்றுதான். சேதி கேட்டபின் அவர் சொன்ன முதல் வார்த்தை பேட்ச்சைப் பற்றியது. அதை நான் மறக்கவில்லை.

அன்று எல்லோரும் சட்டத்தைத் திட்டினார்கள். என்னால் திட்ட முடியவில்லை. மில்லில் இருந்த காலத்தில், நூலைச் சுற்றும் கோன் வைண்டிங் வேலையை வெளி மாவட்டத்துக்கு ஜாப் வொர்க்காகக் கொடுத்தார்கள். இருபத்தேழு பேருக்கு வேலை போனது. வெளியே கொடுப்பதைத் தடைசெய்யக் கேட்டு கலெக்டரிடம் மனுக் கொடுத்தோம். அந்த மனுவில் நான்காவது கையெழுத்து என்னுடையது. வெளி மாவட்டத்தில் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தவர்கள் எத்தனை பேர் என்று அப்போது நான் எண்ணவில்லை.

2. எக்ஸ் போட்ட நூற்று நாற்பது படிவங்கள்

நோட்டைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

இந்த வேலை தொடங்கிய முதல் வாரம், நூற்று நாற்பது படிவங்களைத் தப்பாக அனுப்பிவிட்டோம். "ஆஸ்பத்திரி போக வண்டி வேண்டுமா" என்ற கட்டத்தில் நோயாளிகள் எக்ஸ் குறி போட்டிருந்தார்கள். நம் பள்ளிக்கூடத்தில் டிக் போட்டால் சரி, பெருக்கல் குறி போட்டால் தப்பு. அதனால் எங்கள் பிள்ளைகள் எல்லோரும் "வேண்டாம்" என்று டைப் செய்தார்கள். இரட்டைப் பதிவும் எங்களைக் காப்பாற்றவில்லை. டைப் செய்த இருவரும் ஒரே மாதிரிப் பள்ளியில் படித்தவர்கள் ஆயிற்றே. இரண்டும் அழகாக ஒத்துப்போனது. அந்த ஊரில் கட்டத்துக்குள் எக்ஸ் போட்டால் "ஆமாம்" என்று பொருள். நூற்று நாற்பது நோயாளிகளுக்கு வண்டி இல்லை என்று கடிதம் போய்விட்டது. ஒவ்வொன்றையும் திருத்த ஆறு நாள் ஆனது. அந்த ஆறு நாளும் நான் சரியாகச் சாப்பிடவில்லை.

ஏழாம் நாள் கடைக்குப் போய் ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கிவந்தேன். அட்டையில் "சந்தேக நோட்டு" என்று எழுதினேன். விதி ஒன்றே ஒன்று. யாரும் ஊகிக்கக் கூடாது. சந்தேகம் வந்தால் நம்பர் போட்டு எழுத வேண்டும். அந்த ஊர் ஆட்களிடம் கேட்டு, வந்த பதிலையும் பக்கத்தில் எழுத வேண்டும். முதல் சந்தேகம், எக்ஸ்.

ஏழு வருடத்தில் பதினோரு நோட்டு நிறைந்தது. மொத்தம் நாலாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு சந்தேகங்கள். புதிதாகச் சேருகிறவர்கள் பதினைந்து நாள் நோட்டைப் படித்த பிறகுதான் கீபோர்டைத் தொடலாம். எங்கள் மூன்று பிழை, அந்த நோட்டில் இருந்து வந்தது.

3. லிஸ்டில் இல்லாத பொருள்

ஒப்படைக்க வேண்டியவற்றுக்கு ஒரு லிஸ்ட் வந்தது. முப்பத்தெட்டுப் பக்கக் கையேடு, ஆறு பயிற்சி வீடியோ, இருநூற்றுப் பன்னிரண்டு மாதிரிப் படிவங்கள். சந்தேக நோட்டு அதில் இல்லை. அப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

ஜெயராஜ் சட்டத்தின் நகலை முழுதாகப் படித்திருந்தார். அதில் விலக்கு ஒன்று இருந்தது. உள்ளூரில் தகுந்த தரத்தோடு செய்ய ஆள் கிடைக்கவில்லை என்று நிரூபித்தால், இரண்டு வருடத்துக்கு வெளிநாட்டில் செய்யலாம்.

"கேட்டதக் குடுப்போம் அண்ணாச்சி. கேக்காதத ஏன் குடுக்கணும்?" என்றார். "நோட்டு இல்லாம மூணு மாசம் தடுமாறுவாக. தப்பு கூடும். பொறவு அவியளே வெலக்குக் கேட்டு நம்மகிட்ட வருவாக. நாப்பத்தாறு வீட்டுச் சோறு. பாத்துக்கோங்க."

அவர் கெட்டவர் கிடையாது. நாற்பத்தாறு பேருக்காக அந்த மனுஷன் இரவெல்லாம் சட்டம் படித்தார். எனக்கும் அது சரி என்றே பட்டது. பதினோரு நோட்டையும் என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்தேன். அதை இங்கே மறைப்பதில் அர்த்தம் இல்லை. நானும் உடன்பட்டேன்.

4. கேரல்

ட்ரெயினிங் மாலை ஆறரைக்குத் தொடங்கும். அங்கே அப்போது காலை ஒன்பது. பன்னிரண்டு பேரை மூன்று டீம் லீடர்களுக்கு நான்கு நான்காகப் பிரித்தோம். மும்தாஜின் நால்வரில் ஒருவர் கேரல். வயது ஐம்பத்துமூன்று. கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு, கண்ணாடியைத் தேடுவார்.

முதல் வாரம் ஒருவரை ஒருவர் அறிமுகம் செய்துகொண்டபோது அவர் தன் கதையைச் சொன்னார். இருபத்திரண்டு வருடம் ஒரு ஆலையில் ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி மடித்துப் பேக் செய்திருக்கிறார். வெளிநாட்டில் இருந்து மலிவாகத் துணி வந்ததால் ஆலையை மூடிவிட்டார்கள். பதினான்கு மாதம் வேலை இல்லை. இந்தச் சட்டத்தால்தான் இந்த வேலை கிடைத்தது.

மும்தாஜ் தலையைக் குனிந்துகொண்டார். ராஜபாளையத்தைச் சுற்றி எத்தனை தறியில் பேண்டேஜ் துணி ஓடுகிறது என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மும்தாஜின் மாமியார் வீட்டிலேயே நான்கு தறி. கேரலின் ஆலையை மூடவைத்தது எங்கள் ஊர்த் துணியா என்று எனக்குத் தெரியாது. இல்லை என்றும் அடித்துச் சொல்ல முடியாது. படிவத்துக்குச் சட்டம் போட்டவர்கள் துணிக்குப் போடவில்லை.

மூன்றாவது வாரம் ஒரு புதன்கிழமை, கேரலின் முகம் சரியில்லை. முந்தைய வாரம் அவர் தனியாக டைப் செய்த படிவம் ஒன்றைப் பற்றிச் சொன்னார். எழுபத்தெட்டு வயதுப் பெரியவர், வாரம் மூன்று தடவை டயாலிசிஸ் செய்துகொள்பவர். முகவரிக் கட்டத்தில் இரண்டு முகவரி எழுதி, ஒன்றை அடித்து, அதன் பக்கத்தில் ஒரு தேதி போட்டிருந்தார். கேரல் அடிக்காத முகவரியை எடுத்தார். வண்டி அங்கே போய் நின்றது. வீடு பூட்டியிருந்தது. பெரியவர், தான் அடித்த அந்த இன்னொரு முகவரியில், மகள் வீட்டில் காத்துக்கொண்டே இருந்தார். சிகிச்சை தவறி, மறுநாள் அவசரப் பிரிவில் சேர்த்தார்கள். பிழைத்துக்கொண்டார். முதல் மாதத்தில் இப்படி இன்னொரு பிழை வந்தால் தன்னை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று சொல்லிவிட்டு, கேரல் கேட்டார்: "நீங்கள் இத்தனை வருடம் எப்படிச் சரியாகக் கண்டுபிடித்தீர்கள்?"

மும்தாஜ் மைக்கை அணைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சார், இது நம்ம ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழாவது சந்தேகம்."

"தெரியும்மா."

"அடிச்சிருந்தாலும் பக்கத்துல தேதி போட்டிருந்தா அந்த அட்ரஸுக்குத்தான் வண்டி போகணும். மூணு வாட்டி போன் போட்டு நாமதான கண்டுபிடிச்சோம்?"

"அதுவும் தெரியும். நோட்டு லிஸ்ட்ல இல்ல."

"அந்தப் பெரியவரும் லிஸ்ட்ல இல்ல சார்."

திரையில் கேரல், சத்தம் வரவில்லை என்று தன் காதைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"யோசிச்சுச் சொல்லு" என்றேன். "நோட்டைக் குடுத்தா விலக்கு கெடையாது. மொதல்ல அடிபடுறது உன் வீடு."

"எனக்குத் தெரியாதா சார்? நேத்துக்கூட ஸ்கூல் ஃபீஸுக்கு வீட்டுக்காரர் தங்கச்சிகிட்ட கைநீட்டிருக்கேன். போற வேல போகட்டும். ஏழு வருசம் தப்பு வந்துரக் கூடாதுன்னு ஒக்காந்தேன். இப்ப தப்பு வரட்டும், வரட்டும்னு ஒக்காந்திருக்கச் சொல்றீக. அது எனக்கு வராது. சாவியக் குடுங்க."

கொடுத்தேன். அவர் ஐந்தாவது நோட்டை எடுத்துவந்து, மைக்கைத் திறந்து, அந்தப் பக்கத்தைக் கேமராவுக்கு நேராகப் பிடித்தார். தமிழும் ஆங்கிலமுமாகக் கலந்து எழுதிய பக்கம். கேரல் கண்ணாடியைத் தேடினார்.

5. பத்தொன்பது நாட்கள்

மறுநாள் காலை ஜெயராஜ் வந்தார். என் மேசைமேல் இருந்த பதினோரு நோட்டையும் பார்த்தார். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் மற்றவர்களைக் கூட்டி நடந்ததையும், நோட்டு முழுவதையும் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்கப்போவதையும் சொன்னேன். வேண்டாம் என்பவர்கள் கையைத் தூக்கலாம் என்றேன். பதினேழு கைகள் உயர்ந்தன. இசக்கியின் கையும் அதில் ஒன்று.

"நம்ம சோத்துல நாமளே மண்ண அள்ளிப் போடுறோம்" என்றான். "அதையும் இங்கிலீஷ்ல மொழிபெயர்த்துப் போடப்போறோமாக்கும்."

"ஏலே, உன்னைய யாரும் கட்டாயப்படுத்தல" என்றார் மும்தாஜ். "நானே எழுதிக்கிடுதேன்."

"நீங்க எழுதுற இங்கிலீஷுக்கு அவிய ஒரு சந்தேக நோட்டு போடணும்க்கா. தள்ளுங்க அங்கிட்டு."

இப்படித்தான் தொடங்கியது. நாலாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டில் திரும்பத் திரும்ப வந்தவற்றைச் சேர்த்துச் சுருக்கினால் அறுநூற்றுப் பதினொரு விதிகள் நின்றன. வழக்கமான வேலையை முடித்துவிட்டு, தினமும் இரண்டு மணி நேரம் இதற்கு. கையைத் தூக்கிய பதினேழு பேரில் பன்னிரண்டு பேர் மூன்று நாளைக்குள் வந்து சேர்ந்துகொண்டார்கள். அறுநூற்றுப் பதினொன்றில் நூற்று எழுபத்துநான்கை டைப் செய்தவன் இசக்கி.

"அக்கா, ‘கெழவி கையெழுத்து நடுங்குனா மகள் நம்பருக்குப் போன் அடி’ன்னு எழுதிருக்கு. கெழவிக்கு என்ன போட?"

"சீனியர் சிட்டிசன்னு போடுலே."

"கெழவின்னு எழுதினது யாரு? உங்க கையெழுத்து மாதிரில்ல இருக்கு."

"நடுங்குதா? நடுங்கலைல்ல. டைப் அடி."

நான்காவது நாள் சாயந்திரம் ஜெயராஜ் அறையைவிட்டு வெளியே வந்தார். கையில் சேவும் டீயும். எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, இசக்கியின் பின்னால் நின்று செத்த நேரம் திரையைப் பார்த்தார். "இந்த வாக்கியத்துக்குத் தலையும் இல்ல, வாலும் இல்ல. எந்திரிலே" என்று சொல்லி அவரே நாற்காலியில் உட்கார்ந்தார். அன்று முதல் ஆங்கிலம் முழுவதையும் பார்த்துத் திருத்தியவர் அவர்தான்.

பத்தொன்பதாவது நாள் முடித்தோம். விதிகளை நான் மூன்று தடவை எண்ணினேன். அறுநூற்றுப் பதினொன்று சரியாக இருந்தது. அதோடு பதினோரு நோட்டையும் பார்சல் கட்டி அனுப்பினோம்.

கடைசி வாரம் இரு பக்கத்துக்கும் ஆடிட் வந்தது. எங்கள் பிழை பத்தாயிரத்துக்கு மூன்று. அவர்களுடையது நான்கு. விலக்குக் கேட்க யாருக்கும் அவசியம் இருக்கவில்லை. தொண்ணூறாவது நாள் மாலை நாற்பத்தாறு பேரும் அடையாள அட்டையைக் கழற்றி என் மேசையில் வைத்தார்கள். கேரலின் குழு திரையில் எழுந்து நின்று கைதட்டியது. எங்களில் சிலர் அழுதார்கள். மில்லில் முப்பத்தொரு வருடத்தில் எனக்குக் கிடைக்காத பெருமை அன்று கிடைத்தது. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

6. சட்டம் வேலை கொடுத்ததா?

பிள்ளைகள் என்னிடம் கேட்பது இதைத்தான். இப்படிச் சட்டம் போட்டால் வேலையில்லாதவர்கள் குறைவார்களா? நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை. நான் எண்ணியது இரண்டு அறைகளை மட்டும்.

எங்கள் அறையில் நாற்பத்தாறு. அந்த வருடக் கடைசியில் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு விசாரித்தேன். மதுரை, கோயம்புத்தூர், சென்னை என்று இதே மாதிரி வேலைக்குப் போனவர்கள் ஒன்பது. மில்லுக்கும் தறிக்கும் ஏழு. கடைகளிலும் மற்ற இடங்களிலும் ஆறு. போலீசில் தேர்வானவர்கள் மூன்று, இசக்கி அதில் ஒருவன். உள்நாட்டு வேலை கொஞ்சம் பிடித்து ஜெயராஜ் தன்னோடு வைத்துக்கொண்டது ஐந்து. வேலை இல்லாமல் வீட்டில் இருந்தவர்கள் பதினாறு, அதில் பதின்மூன்று பெண்கள். வெளியூர் போய் வேலை பார்க்க முடியாதவர்கள் அவர்கள்.

அவர்கள் அறையில் பன்னிரண்டு. நாற்பத்தாறு பேர் செய்ததைப் பன்னிரண்டு பேர் எப்படிச் செய்தார்கள்? அங்கே ஆளுக்குச் சம்பளம் அதிகம். அதனால் இரட்டைப் பதிவை நிறுத்தினார்கள், பாதிப் படிவங்களை ஆன்லைனுக்கு மாற்றினார்கள். பிறகு எங்கள் அறுநூற்றுப் பதினொரு விதிகளையும் ஒரு சாஃப்ட்வேரில் ஏற்றினார்கள். ஒன்றரை வருடத்தில் பன்னிரண்டு நான்கானது. கேரல் அந்த நால்வரில் இருக்கிறார். புது வருடத்துக்கு மெயில் போடுவார். விதிகளைத் தெளிவாக எழுதிக்கொடுத்து அந்த எட்டுப் பேரை நாங்களே வீட்டுக்கு அனுப்பிவிட்டோமோ என்று இன்றைக்கும் எனக்கு மனசு அடித்துக்கொள்கிறது.

அதனால் சட்டம் பொய் என்று சொல்லமாட்டேன். பதினான்கு மாதம் வேலையில்லாமல் இருந்த கேரலுக்கு அது வேலை கொடுத்தது. அவரைப் பொறுத்தவரை அது நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் வேலை கடல் தாண்டித் திரும்பிப் போகும்போது அதே அளவோடு போவதில்லை. செலவு கூடுகிற இடத்தில் மெஷின் வந்து உட்கார்ந்துகொள்கிறது. சட்டம் போடுகிறவர்கள் முதல் நாள் நாற்காலிகளை எண்ணுகிறார்கள். ஒன்றரை வருடம் கழித்தும் ஒரு தடவை போய் எண்ண வேண்டும்.

7. இன்டர்வியூ

மும்தாஜுக்கு ஐந்து மாதம் வேலை கிடைக்கவில்லை. பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் இன்சூரன்ஸ் பிரிவுக்கு ஆள் கேட்டார்கள். தன்னைத் தெரிந்தவர் என்று மும்தாஜ் என் பெயரை எழுதியிருந்ததால், நானும் கூடப் போயிருந்தேன். பதினோரு பேர் வந்திருந்தார்கள். மும்தாஜ் எட்டாவது. மருத்துவமனையை நடத்தும் டாக்டரே, என்னையும் உள்ளே உட்காரச் சொல்லிவிட்டு, கேள்வி கேட்டார்.

"ஏழு வருசம் ஒரே எடத்துல இருந்திருக்கீங்க. ஏம்மா அந்த வேலை போச்சு?"

சட்டம் வந்துவிட்டது என்று சொல்வார் என நினைத்தேன். மும்தாஜ் சொன்னார்:

"வேற ஆளுகளுக்கு நாங்க ஒழுங்காச் சொல்லிக்குடுத்தோம் டாக்டர். அதனால எங்க தேவை இல்லாமப் போச்சு."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். முழுதாகச் சொல்லச் சொன்னார். எக்ஸில் தொடங்கி அந்தப் பெரியவர் வரைக்கும் மும்தாஜ் சொன்னார். நடுவில் இரண்டு எண்களை நான் திருத்தினேன்.

"எங்க இன்சூரன்ஸ் கிளைம்ல பாதி தப்பா போய்த் திரும்பி வருது" என்றார் டாக்டர். "அந்த நோட்டு ஏதாவது கைவசம் வச்சிருக்கீங்களா?"

"இல்ல டாக்டர். ஒரு பக்கம்கூட வச்சுக்கல. எல்லாத்தையும் குடுத்துட்டோம்."

"அப்ப இங்க வந்து என்ன செய்வீங்க?"

"திரும்பி வந்த கிளைம் எல்லாத்தையும் எடுத்துவரச் சொல்லுங்க. ஒண்ணாம் நம்பர்ல இருந்து எழுத ஆரம்பிப்பேன்."

டாக்டர் வெளியே காத்திருந்த மூன்று பேரைப் பார்த்தார். வரிசை கெடாமல் அவர்களையும் கூப்பிட்டுப் பேசினார். நாங்கள் வாசல் பெஞ்சில் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தோம். பிறகு ஒரு நர்ஸ் இரண்டு கையாலும் ஒரு கட்டு கிளைம் ஃபைலைச் சுமந்துவந்து, மும்தாஜின் மடியில் வைத்துவிட்டுப் போனார்.